சும்மா கெடந்த கெம்பஸ் கிரவுண்டும் மாமா வெட்டுன கானும்

கெம்பஸ் ஸ்போர்ட்ஸ் யூனிட்டுல நான் சேர்ந்து ரெண்டாவது வருசம்னு நெனைக்கிறேன், ஒரு நாள் சரியான மழை, வெளிய போக ஏலாம பவிலியன்ல உக்காந்து பழைய கிரவுண்ட் லொக் புத்தகத்த பொரட்டிக்கிட்டு இருந்தேன். சும்மா இருக்க மனசு வராம ஒரு கணக்கு போட்டேன். அந்த வருசம் மெச், ஸ்போர்ட்ஸ் மீட், செலக்சன் எல்லாம் சேர்த்து 41 நாள். பின்னேரத்து ப்ரக்டிஸ விட்டா மத்த 324 நாளும் கேட்டுல பூட்டுதான் தொங்கியிருக்கு. கெம்பஸ் பேரு வேணாம், இன்னும் அங்கதான் சம்பளம் வாங்குறேன். இலங்கை மலையகத்துல இருக்குன்னு மட்டும் வச்சுக்கங்க.

அந்த 324 எனக்கு ஏன் அப்படி உறுத்துச்சுன்னா நான் தேயிலைத் தோட்டத்து லயத்துல (வரிசை வீட்டுல) வளந்தவன். எங்க தோட்டத்துல சமதரைன்னு ஒண்ணு இருந்தா அது பெரட்டுக்களம் மட்டும்தான். காலைல வெள்ளன பேர் போடுறது அங்க, திருவிழாவுக்கு பந்தல் அங்க, எலக்சன் வந்தா மைக் கட்டி கத்துறதும் அங்க, செத்த வீட்டுக்கு வர்ற சனம் உக்கார்றதும் அங்கதான். பின்னேரமானா நாங்க டெனிஸ் போல்ல கிரிக்கட் அடிப்போம், பள்ளத்துப் பக்கம் அடிச்சு போல் தேயிலைக்குள்ள போயிட்டா அவுட்டு, சிக்ஸ் இல்ல, ஏன்னா தேடி எடுக்குறதுக்குள்ள இருட்டிரும். அப்படி வளந்தவனுக்கு 400 மீட்டர் ட்ரெக், எட்டு லேன், ஒவ்வொண்ணும் 1.22 மீட்டர், நடுவுல முழு புட்போல் கிரவுண்டுன்னு ஒரு மலையவே பாதி வெட்டி பள்ளத்த ரொப்பி செஞ்சு வச்ச சமதரைய பூட்டி வச்சிருக்கிறத பார்த்தா எப்படி இருக்கும்? கொழும்புல கிரவுண்டு சும்மா கெடந்தா அது வேற கதை. மலையில அது பாவம்.

சரின்னு ஆர்வத்துல, கிரவுண்ட வெளி ஆளுகளுக்கும் குடுக்கலாம்னு ஒரு கடிதம் எழுதுனேன். ரொம்ப நாளா பதில் இல்ல. பொறகு வந்த மொத வாய்ப்பே ஒரு மியூசிக் ஷோ. நல்ல வாடகை, மேலிடத்துக்கும் சந்தோசம், எனக்கும் சந்தோசம். ஷோவுக்கு முந்தின நாள் ராத்திரி மழை பெஞ்சிருக்கு, மறுநாள் ஸ்டேஜ் ஏத்திக்கிட்டு வந்த லொறிய யாரும் மறிக்கல, நேரா புல்லுக்கு மேல ஏத்தி நடு கிரவுண்டு வரைக்கும் கொண்டு போயிட்டாங்க. டயர் தடம் ஒவ்வொண்ணும் முழங்கை ஆழம். வாங்கி வச்ச டிபொசிட் மண்ணு ஏத்தவே காணாது, புல்லு பிடிச்சு சரியாக ஒரு வருசம் போச்சு, அந்த வருசம் புட்போல் டீம் என்னைய பார்த்த பார்வைய நான் இன்னும் மறக்கல. அன்னையில இருந்து ஒரே சட்டம்தான், சில்லு உள்ள எதுவும் கயிறுக்கு அந்தப் பக்கம் வரக்கூடாது, யாரா இருந்தாலும். சாமான வேணும்னா தோள்ல தூக்கிட்டு வாங்க. பெரிய பாட்டுக் கச்சேரின்னா பார்க்கிங்ல வைங்க, அங்க தார் போட்டிருக்கு, சனம் நிக்க அதுவே போதும்.

இனி மழைக்கு வாறேன், ஏன்னா மலையில கிரவுண்டு நடத்துறதுன்னா பாதிக்கு மேல மழையோட நடத்துற பேச்சுவார்த்தைதான்.

எங்க கிரவுண்டுல ஒரு பக்கம் மழை விட்டு மூணு நாளானாலும் சொத சொதன்னு கெடக்கும். வந்து பார்த்தவங்க எல்லாம், கிரவுண்ட பேத்து அடியில பைப் போட்டுத்தான் சரி பண்ணணும்னு சொன்னாங்க, எஸ்டிமேட்டும் வந்துச்சு, அத பார்த்துட்டு எல்லாரும் கப்சிப். எங்ககிட்ட கிரவுண்ட் வேலைக்கு ஒரு வயசானவரு இருந்தாரு, பக்கத்து தோட்டத்துல ரொம்ப காலம் கான் (தண்ணி ஓடுற வாய்க்கால்) வெட்டுன ஆளு. நாங்க அவர மாமான்னு கூப்புடுவோம், சிங்களப் பிள்ளைகளும் மாமான்னுதான் கூப்புடுவாங்க, ரெண்டு பாஷைக்கும் அந்தச் சொல்லு ஒண்ணுதானே. ஒரு நாள் கொட்டுற மழையில சாக்க கொங்காணியா மடிச்சு தலையில போட்டுக்கிட்டு வந்து, "தம்பி, கொஞ்சம் வாங்க" ன்னாரு. நான் குடையோட பின்னால போனேன். கிரவுண்டுக்கு மேல மலைய வெட்டுன மண்திட்டுக்கு ஏறி நின்னோம். கீழ கைய காட்டுறாரு.

"என்ன தெரியுது?"

"தண்ணி நிக்குது மாமா."

"நிக்கிறத பாக்காதீங்க. எங்கிருந்து வருதுன்னு பாருங்க."

அப்பதான் பார்த்தேன். திட்டுக்கு மேல இருக்கிற பைனஸ் மரக் காட்டுல இருந்து தண்ணி விரல் மொத்தத்துல ஏழெட்டு கோடா எறங்கி, புல்லுக்கு அடியில பூந்து, நம்ம ட்ரெக்குக்கு உள்ளுக்க போய் படுத்துக்கிது. வானத்துல இருந்து கிரவுண்டுல விழுற மழைய மண்ணு எப்படியோ குடிச்சிருது, மேல இருந்து நடந்து வர்ற தண்ணியத்தான் அதால தாங்க ஏலல. மாமாவும் இன்னும் ரெண்டு பேரும் சேர்ந்து திட்டோட தலையில குறுக்கால ஒரு கான் வெட்டுனாங்க, தேயிலை மலையில வெட்டுற மாதிரியே, ரொம்ப சரிவு இல்லாம (சரிவு கூடுனா தண்ணி மண்ண அரிச்சுக்கிட்டு ஓடிரும்), எடைக்கெடை மண்ணு தங்குற குழியோட, கடைசியில பக்கத்து ஓடைக்கு திருப்பி விட்டாங்க. செலவுன்னா மூணு பேரோட ரெண்டு கிழமை கூலியும் டீயும். அடுத்த மழைக்கு கிரவுண்டு ஒரே நாள்ல காஞ்சிருச்சுன்னு சொன்னா பொய், ஆனா மூணு நாள் ஒண்ணரை நாளாச்சு. அந்த ஒண்ணரை நாள் லாபத்த வருசக் கணக்குல போட்டுப் பாருங்க, எத்தன சனிக்கிழமை கையில வருது.

ஆனா கான் வெட்டுறதோட வேலை முடியல, ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முந்தியும் அத தூர் வாரணும். இத மறந்தீங்கன்னா ஒரே வருசத்துல கான் மூடி தண்ணி பழைய வழிக்கே வந்துரும், தண்ணிக்கு ஞாபக சக்தி ஜாஸ்தி.

விளையாட குடுக்கலாமா வேணாமான்னு முடிவெடுக்கவும் மாமாவோட வழிதான். குதிங்கால புல்லுல ஊண்டி உடம்போட பாரத்த போட்டு அமுக்குங்க. சுத்திவர தண்ணி ஊறிச்சுன்னா இன்னைக்கு இல்ல. ஊறலன்னா விளையாடுங்க. எந்த கெப்டன் வந்து மூக்கால அழுதாலும் அவன் காலாலேயே அமுக்கிப் பார்க்க சொல்லிருவேன், அதுக்கு மேல வாக்குவாதம் வராது.

இந்த மழைக் கணக்கு ஊருக்கு ஊர் மாறும், அதனால அடுத்த ஊர் காலண்டர அப்படியே கொப்பி அடிக்காதீங்க. ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்கு மழை பிச்சு உதறும், அந்த நேரம் பதுளைப் பக்கம் காஞ்சு போய் கெடக்கும், வருசக் கடைசியில வடகீழ் மழை வந்தா கதை அப்படியே மாறிரும். எங்களுக்கு ரெண்டு மழையும் எட்டிப் பார்க்கும். மார்ச்-ஏப்ரலும் ஒக்டோபர்-நவம்பரும் வேற மாதிரி, காலையில பளிச்சுன்னு வெயில், ரெண்டு மணிக்கு மேல இடியும் மின்னலும். அந்த மாசங்கள்ல எல்லா புக்கிங்கும் காலைல ஏழு மணில இருந்து பகல் ஒரு மணி வரைக்கும்தான். மின்னல் கண்ணுக்கு பட்டு 30 செக்கனுக்குள்ள இடி கேட்டா எல்லாரும் உள்ளுக்க வரணும், கடைசி இடி கேட்டு 30 நிமிசம் போகாம திரும்ப எறங்கக் கூடாது. மரத்தடியில போய் ஒதுங்குறது, கோல் போஸ்ட பிடிச்சுக்கிட்டு நிக்கிறது எல்லாம் வேணாம். பைனல்ல பெனல்டி அடிக்கப் போற நேரத்துல விசில் ஊதி எல்லாரையும் உள்ளுக்க தள்ளியிருக்கேன், ரெண்டு டீமும் ஒத்துமையா சேர்ந்து திட்டுனாங்க. திட்டட்டும்.

இன்னொண்ணு, மழைக்குள்ள ரகர் (ரக்பி). கண்டி நித்தவெலையில ரகர் பார்க்க எனக்கும் ஆசைதான், சேத்துல உருண்டு பெரண்டு விளையாடுறதுல ஒரு அழகு இருக்கு. ஆனா எல்லாத்துக்கும் ஒத்த கிரவுண்டு வச்சிருக்கிற இடத்துல நனைஞ்ச புல்லுல ரெண்டு மெச் விட்டா அடுத்த ரெண்டு மாசத்துக்கு அது ஏர் உழுத வயல். மழை மாசத்துல ரகர் பிள்ளைகள நாங்க படிக்கட்டுல ஏத்தி எறக்கி பிட்னஸ் பண்ண வைக்கிறோம். அவங்களுக்கு கோவம்தான்.

அப்ப மழை மாசத்துல கிரவுண்டு சும்மாதானே கெடக்கணும்னு கேப்பீங்க. புல்லுக்கு அது ரெஸ்ட், கெடக்கட்டும். ஆனா ஸ்டேடியம்னா புல்லு மட்டும் இல்லையே. கூரை இருக்கு, படிக்கட்டு இருக்கு, பைப்புல தண்ணி இருக்கு, டொய்லட் இருக்கு, பார்க்கிங் இருக்கு. இது மண்டையில ஏற எனக்கு மூணு வருசம் போச்சு. ஜூன், ஜூலைல நாங்க குடுக்கிறது கூரையத்தான். சனிக்கிழமை காலைல நம்ம கெம்பஸ் பிள்ளைகளே தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஓ.எல் பரீட்சைக்கு கணக்கும் சயன்சும் சொல்லிக் குடுக்கிறாங்க, பவிலியன் படிக்கட்டுதான் வகுப்பு, கீழ் படியில வைட்போர்ட சாய்ச்சு வச்சா மேல் படியில இருக்கிறவனுக்கும் தெரியும், ஹோல்ல கூட அப்படி தெரியாது. மொதல்ல மழை தகரத்துல விழுற சத்தத்துக்கு ஒண்ணும் கேக்கல, பொறகு ஒரு சின்ன ஸ்பீக்கர் வாங்குனோம். ரத்ததான முகாம் ரெண்டு தடவ வச்சோம். அடி ரூம் ஒண்ணுல கெரம், செஸ் ஓடுது.

வெயில் மாசத்துல ஆளத் தேடிப் போக வேண்டியதே இல்ல. முந்தி ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் ஸ்கூல் மீட்டா நெரிஞ்சு கெடக்கும், கோவிட்டுக்கு பொறகு ஸ்கூல் தவணையெல்லாம் முன்ன பின்ன ஆனதால இப்ப ஒவ்வொரு வருசமும் கேட்டுத்தான் எழுதணும். தோட்டத்து ஸ்கூல்கள்ல நெறைய இடத்துல 100 மீட்டர் நேரா ஓட இடம் கெடையாது, வளைஞ்சுதான் ஓடணும். அந்தப் பிள்ளைக மொதல் தடவ எங்க ட்ரெக்குல வந்து நேரா ஒரு லேன பார்த்து நிக்கிற முகத்த நீங்க பார்க்கணும், ஒரு பொடியன் ஓடி முடிச்சும் நிக்காம வேலி வரைக்கும் போயிட்டு வந்தான். கோடு போடுறதுல மட்டும் கவனம், தண்ணி ஊத்தி நீத்துன சுண்ணாம்புதான் பாவிக்கணும். நீத்தாத சுண்ணாம்ப கொண்டு வந்து கொட்டுனாங்கன்னா கண்ணுல பட்டு பிள்ளைக கதி என்ன ஆகும்னு யோசிங்க, நானே மூட்டைய திருப்பி அனுப்பியிருக்கேன்.

ஏப்ரல்ல புத்தாண்டு விளையாட்டு, கயிறு இழுத்தல், முட்டி உடைத்தல், யானைக்கு கண் வைத்தல். இதுக்கு யாருக்கும் ஒண்ணும் சொல்லிக் குடுக்கத் தேவையில்ல. சறுக்கு மரம் நட குழி தோண்டுறத மட்டும் கிரவுண்டுக்கு வெளிய வச்சுக்கங்க.

காலைல நடக்க வர்றவங்க தனி இனம். சீனி வருத்தம், பிரசர்னு டொக்டர் நடக்க சொன்ன ஆளுக, ரிட்டயர்ட் டீச்சர்மார், டவுன்ல கடை வச்சிருக்கிறவங்க. அஞ்சரைக்கு பனி மூட்டத்துக்குள்ள டோர்ச் லைட்டு மட்டும் சுத்தி சுத்தி வரும். எல்லாரும் மொதல் லேன்லதான் நடப்பாங்க, அங்கதான் புல்லு சீக்கிரம் செத்துப் போகும். ஏழாவது, எட்டாவது லேன்ல நடங்கன்னா கேக்கல. பொறகு ஒரு போர்ட் வச்சேன், "எட்டாம் லேன் ஒரு சுத்து 453 மீட்டர்" ன்னு. அவ்வளவுதான், ஒரு சுத்துல 53 மீட்டர் சும்மா கெடைக்குதுன்னு எல்லாரும் வெளிய போயிட்டாங்க. நம்ம சனத்துக்கு அட்வைஸ் வேணாம், லாபத்த காட்டுங்க.

பொம்பளப் பிள்ளைக வொலிபோல் டூர்னமென்ட் கதைய சொல்லாம விட ஏலாது. கோல் போஸ்டுக்கு பின்னால இருக்கிற அரை வட்டத்துல ஒரு பக்கம் ஹை ஜம்ப், மத்த பக்கம் சும்மா கெடந்துச்சு. வொலிபோல் கோட்டுக்கு 18க்கு 9 மீட்டர், சுத்திவர மூணு மூணு மீட்டர் விட்டாலும் 24க்கு 15, அளந்து பார்த்தா வாகா உக்காந்துச்சு. 1991ல இருந்து வொலிபோல்தான் நாட்டோட தேசிய விளையாட்டு, தோட்டங்கள்லயும் நெட் கட்டாத எடம் கம்மி, அதனால தோட்டத்து பொண்ணுகளுக்கு ஒரு டூர்னமென்ட் வைப்போம்னு நோட்டீஸ் விட்டோம். மொத வருசம் பேர் குடுத்தது எட்டு டீம், வந்தது மூணு. ஏன்னு வந்த பிள்ளைககிட்டயே கேட்டேன். ஒரு தங்கச்சி தலைய குனிஞ்சுக்கிட்டு சொல்லுச்சு, "சேர், போன தடவ மீட்டுக்கு வந்தப்ப டொய்லட் பூட்டியிருந்துச்சு, பின்னேரம் வரைக்கும் அடக்கிக்கிட்டு இருந்தோம், அதான் மத்தவங்க வரலன்னாங்க." சாவி ஒரே ஒரு ஆள்கிட்ட, அந்த ஆளு சனி ஞாயிறு லீவு. எத்தனயோ மீட்டிங்ல டூர்னமென்ட் பத்தி கதைச்சிருக்கோம், சாவியப் பத்தி ஒருத்தரும் வாய தொறக்கல, நானுந்தான். இப்ப மூணு சாவி, ஒண்ணு செக்யூரிட்டிகிட்ட, ஒண்ணு கிரவுண்ட் வேலை பாக்குற ஆள்கிட்ட, ஒண்ணு டூர்னமென்ட் நடத்துற பிள்ளைககிட்ட. வாளி, சவுக்காரம், குப்பைப் பெட்டி உள்ளுக்கவே இருக்கும். அதோட ரெண்டு விசயத்த மாத்துனோம். ஒண்ணு, கடைசி மெச் நாலரைக்கு முடியணும், ஏன்னா மேல் தோட்டத்துக்கு கடைசி பஸ்ஸ விட்டா த்ரீவீலுக்கு குடுக்கவே ஒரு நாள் பேர் (கூலி) காணாது. மத்தது, என்ட்ரி காசு வாங்குற திகதி. தோட்டத்துல 10ஆம் திகதி சம்பளம், அதுக்கு முந்தி கேட்டா யார்கிட்டயும் இருக்காது, அதனால 12, 13ல வச்சோம். அடுத்த வருசம் பதினோரு டீம்.

ராத்திரி விளையாட்டுக்கு பெரிய ப்ளட்லைட் வேணும்னு பிள்ளைக கேட்டாங்க. நான்தான் வேணாம்னேன். கரண்ட் பில்ல யாரு கட்டுறது? வொலிபோல் கோட்டுக்கு மட்டும் நாலு கம்பத்துல எல்.ஈ.டி போட்டோம், எட்டு மணி வரைக்கும் அந்த மூலையில எப்பவும் சத்தம்தான்.

மாசி மாசம் தமிழ்ச் சங்கத்துப் பிள்ளைக, மன்மதன் எரிஞ்ச கதைய ஆடுற காமன் கூத்து போடணும்னு வந்தாங்க. தோட்டத்துல காமன் பொட்டல்ல விடிய விடிய ஆடுறது, இங்க மூணு மணித்தியாலத்துக்கு சுருக்கி ஆடுனாங்க, தப்பு சத்தம் கேட்டு சிங்களப் பிள்ளைக ஹொஸ்டல்ல இருந்து எறங்கி வந்து சுத்தி நின்னாங்க, நல்லா இருந்துச்சு. கடைசியில காமன் தகனம். அந்த சந்தோசத்துல நெருப்ப எங்க வைக்கப் போறாங்கன்னு நான் கேக்கவே இல்ல. விடிஞ்சு பார்த்தா நடு வட்டத்துக்கு பக்கத்துல வண்டிச் சில்லு அளவுக்கு கருகிப் போய் கெடக்கு. அந்த எடத்துல புல்லு வர நாலு மாசம், அதுவரைக்கும் புட்போல் பிள்ளைக அதுக்கு "காமன் ஸ்பொட்" ன்னு பேர் வச்சிருந்தாங்க. இப்ப நெருப்பு வைக்கிறதுன்னா பார்க்கிங் ஓரத்துல, மண்ணு கொட்டி அதுக்கு மேல.

2022ல ஒரு கூத்து நடந்துச்சு. மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் கட், டீசல் இல்ல, பஸ் இல்ல, லெக்சர் எல்லாம் ஒன்லைன், ஜூன்ல வீட்டுத்தோட்டம் போடச் சொல்லி அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு. அந்த ஜோர்ல ஒரு மீட்டிங்ல ஒருத்தர் எந்திரிச்சு, கிரவுண்டுல மரவள்ளி நடலாமேன்னாரு. நான் சிரிக்கல, அவரு சிரிப்புக்கு சொல்லல. அந்தக் காலம் அப்படி. வேலியோரத்துல கீரையும் போஞ்சியும் போட்டோம், மரவள்ளிய மட்டும் எப்படியோ தடுத்தேன், கிழங்கு தோண்டுன கிரவுண்டுல திரும்ப போல் உருளுமா?

மண்சரிவு வந்தா சனத்த இங்க கொண்டு வரலாம்னு 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தை மண்சரிவுக்கு பொறகு எல்லாரும் வாயால சொல்லிக்கிட்டே இருந்தாங்க. எங்க ஸ்டேடியமும் மலைய வெட்டுன எடம்தானே, மேல் திட்டு பக்கம் ஒருத்தரையும் படுக்க வைக்க முடியாது, கீழ் பக்கத்து பவிலியன்தான் பரவாயில்லன்னு ஆளக் கூப்பிட்டு காட்டி முன்கூட்டியே கேட்டு வச்சிருந்தோம். 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் மழைக்கு அந்தக் கேள்வி உதவுச்சு. ஜீ.எஸ் (கிராம சேவகர்) ராத்திரி போன் பண்றாரு, பக்கத்து லயத்து சனம் பிள்ளைகுட்டியோட, கோழியோட, ஒரு ஆயா சாமிப் படத்த நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, எல்லாரும் நடந்தே வந்துட்டாங்க. வொலிபோல் நெட்ட நடுவுல கட்டி அதுல சேலைய போட்டு பொம்பளைங்களுக்கு மறைப்பு. ஹை ஜம்ப் மெத்தை நாலு கைப்பிள்ளைகளுக்கு. மூணு சாவி இருந்தது அன்னைக்குத்தான் பெரிசா தெரிஞ்சுச்சு.

காசு விசயம் சுருக்கமா. வர்ற வாடகை யூனிவர்சிட்டி கணக்குக்குத்தான் போகும், ஓடிட் இருக்கு, கையில வாங்காதீங்க, நூறு ரூவான்னாலும் ரிசீட். வெளி கம்பெனி, பெரிய கிளப்புக்கு முழு ரேட், தோட்டத்து ஸ்கூலுக்கும் தோட்டத்து டீமுக்கும் துப்புரவுக்கு ஆகிற செலவு மட்டும்னு எழுத்துல வாங்கி வச்சுக்கங்க, வாய்ப் பேச்சுல இருந்தா ஆள் மாறுற அன்னைக்கு அதுவும் மாறிரும். டிபொசிட்ட திருப்பிக் குடுக்க முந்தி வாடகைக்கு எடுத்தவரோட சேர்ந்து கிரவுண்ட ஒரு சுத்து நடங்க, இது ரொம்ப முக்கியம். நடந்தா அவரே குனிஞ்சு சொப்பிங் பேக்க பொறுக்குவாரு.

போன வருசம் லொக் புத்தகத்துல திரும்ப எண்ணுனேன். புல்லு 130 நாள், கூரையும் வொலிபோல் கோட்டும் சேர்த்தா 260க்கு மேல. மிச்ச நாள் புல்லுக்கு ரெஸ்ட், அத நான் இப்ப சும்மா கெடக்குற நாளா எண்ணுறதில்ல.

மாமா பென்சன்ல போயிட்டாரு. புதுசா வந்த பொடியன் நல்லவன், மெசின்ல புல்லு வெட்டுவான், கான் பக்கம் போக மாட்டான், அட்டை கடிக்குமாம். போன கிழமை மாமா சும்மா பார்த்துட்டு போக வந்தாரு, டீ குடிக்க சொன்னேன், குடிக்கல, நேரா திட்டுக்கு ஏறிப் போய் கானோட தலையில நின்னு பார்த்தாரு. பாதி மூடிப் போய் மேல புல்லு மொளச்சிருந்துச்சு. என்னைய திரும்பி ஒரு பார்வை பார்த்தாரு, ஒண்ணும் சொல்லல. பொறகு எறங்கி வந்து ஸ்டோர் ரூம் கதவ தொறந்து ரெண்டு மம்பட்டி எடுத்தாரு, ஒண்ண எங்கிட்ட நீட்டுனாரு, ஒண்ண அந்தப் பொடியன்கிட்ட.